அலமாரிக்கு அடியில் இருந்த இளவரசன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்தியின் துணி அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன்.
2. அதில் நாலு பக்கத்தைச் சித்திக்குத் தமிழில் சொன்னேன்.
3. ஜித்ராவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.
4. அம்மா கூடத்துச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றினார்.
5. சித்தியைப் பெண்டாங்கில் கொண்டுபோய் விட்டோம். கார் ஓட்டியது நான்.
6. படம் இருந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்டப்பட்டது.
7. அந்தக் காலண்டரைப் பார்த்து என் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.
8. அது போன வருடக் காலண்டர்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஏதாவது பழுதாகிவிட்டால் நாங்கள் இப்படித்தான் எழுதுவோம். முதலில் வரிசை. யார் மீது தவறு என்பதைக் கடைசியில்தான் எழுத வேண்டும். எட்டாவது வரியை எழுதி முடித்த பிறகு நான் ஐந்தாவது வரியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் ஜித்ராக்காரர்கள் வந்துபோனதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

அரசரின் தோளில் ஒரு தடம்

நாங்கள் இருப்பது மலேசியாவில், பாடாங் செராயில். அப்பா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டம் கைமாறியபோது மேலாளர் பங்களாவைக் காலி செய்தார்கள். எல்லோரும் நாற்காலி, கண்ணாடி, மின்விசிறி என்று எடுத்து வந்தார்கள். அப்பா கடைசியாகப் போனார். ஒரு துணி அலமாரியும் அதற்குள் கிடந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் மிச்சமிருந்தன.

அலமாரியின் இடது முன்கால் குட்டை. புத்தகத்தை அதன் அடியில் வைத்தார். சரியாகப் பொருந்தியது. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பதால் இருக்கலாம்.

அலமாரி சித்தியின் அறைக்குப் போனது. கனகம் சித்தி என் அம்மாவின் தங்கை. வயது ஐம்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பக்கத்துத் தையல் கடைக்கு ரவிக்கை ஊக்குகள் தைத்துக் கொடுப்பார். ஊக்கு ஒன்றுகூட அவர் கையில் கோணியதில்லை.

அந்தப் புத்தகம் பல வருடம் அங்கேயே இருந்தது. ஒரு மழை வாரத்தில் சித்தியின் அறைக்குள் தண்ணீர் கசிந்தது. அலமாரியை நகர்த்தும்போதுதான் புத்தகத்தை முதல்முறையாகக் கையில் எடுத்தேன். பாச்சா உருண்டை வாசனை. அட்டையில் ஒரு பிரிட்டிஷ் அரசர், நெஞ்சு நிறையப் பதக்கங்கள். அவருடைய இடது தோளில் அலமாரிக் காலின் சதுரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

தற்காலிகமாக ஒரு மரத்துண்டை வைத்தேன். மரத்துண்டு கொஞ்சம் மெலிசு. அலமாரி ஆட ஆரம்பித்தது.

"என்னா எடுத்த?" என்றார் சித்தி.

"ஒரு ராஜாவோட கதை."

"இத்தன வருஷமா ராஜாதான் என் சேலைய எல்லாம் தூக்கிட்டு இருந்தாரா?"

நாலு பக்கம்

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பின்னால் இருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பேன். யாருக்கு எத்தனை பக்கம் என்று தெரிந்துவிடும். அரசருடைய கப்பலுக்கு நிறையப் பக்கம். அவருடைய தபால்தலைச் சேகரிப்புக்கு அதைவிட அதிகம். அவருடைய கடைசி மகனுக்கு நாலு பக்கம்.

அந்த நாலு பக்கத்தையும் தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சித்திக்குச் சொன்னேன். அவர் ஊக்கு தைத்துக்கொண்டே கேட்டார்.

ஆறு பிள்ளைகளில் கடைசி. குறும்புக்காரப் பையன். நாலு வயதில் வலிப்பு வந்தது. அப்பாவின் முடிசூட்டு விழாவுக்கு அவனை அழைத்துப் போகவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் அரண்மனை நிலத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் தனியாக வைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு செவிலி. பதிமூன்று வயதில், வலிப்பு வந்த ஒருநாள், தூக்கத்தில் போய்விட்டான். அவனுடைய அண்ணன்களில் இரண்டு பேர் பின்னால் அரசர்கள் ஆனார்கள்.

சித்தி ஊசியை நிறுத்தவில்லை. ஆனால் கேள்விகள் கேட்டார்.

"தனி வீடா? எத்தன ரூம்?"

"அது போடல சித்தி."

"போட்டிருக்கணும். ராத்திரி கூட யாரு படுத்தா?"

"அந்தச் செவிலிதான் இருந்திருப்பாங்க."

"அப்ப பரவால்ல."

மறுநாள் அவரே ஆரம்பித்தார். "அந்தத் தம்பிய ஏன் அப்பன் பட்டாபிஷேகத்துக்குக் கூட்டிட்டுப் போகல?"

"அங்க வச்சு விழுந்துட்டா என்ன பண்றதுன்னு."

"விழுந்தா தூக்கி உக்கார வைக்க ஆள் இல்லாத வீடா அது?"

நான் அரசர்மீது கோபமாக இருந்தேன். அன்று வியாழக்கிழமை என்று நினைவிருக்கிறது, ஏனென்றால் சனிக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

மூன்று சாவிகள்

சித்திக்கும் அதே வலிப்பு உண்டு; வீட்டில் இழுப்பு என்போம். ஐந்து வயதில் ஒரு கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு வந்தது என்று அம்மா சொல்வார். இரண்டு வேளை மாத்திரை. அரசாங்கக் கிளினிக்கில் விவரம் கேட்பதால் நான் பள்ளியில் படிவம் ஐந்தில், பதினேழு வயதில், இருந்த காலம் முதல் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: நாள், நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் சரியாகத் தூங்கினாரா. கடைசிப் பதிவுக்குப் பிறகு பதினாலு மாதம் வெற்று வரிகள். என் பதிவேடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெற்று வரிகள்தான்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் சித்தி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அது நிற்க வேண்டிய நேரத்தில் தானாகவே நின்றது.

விழித்தபோது சித்தியின் கையில் மூன்று காடிச் சாவிகள் இருந்தன; காரைத்தான் நாங்கள் காடி என்போம். இரண்டுக்கு உரிமையாளர் கிடைத்தார்கள். மூன்றாவது சாவி யாரோ மேசையிலிருந்து அள்ளிவந்தது; அதன் உரிமையாளர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, சாவியைக் காணோம் என்று போலீசுக்குப் போகக் கிளம்பினார்.

இதை வீட்டில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வோம். சிரிப்புக் கதையில் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. சித்திக்கு அப்போது ஒரு வரன் பேசி முடித்திருந்தார்கள். அந்த வீட்டாரும் அன்று அதே மண்டபத்தில் இருந்தார்கள். மறுநாள் நிச்சயத் தட்டு வேண்டாம் என்று சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சித்தி எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை என்பதும் சரிதான்.

படத்தோடு இறங்கிய பட்டம்

ஜித்ராவிலிருந்து வந்த வரனின் பெயர் தினேஷ் என்று வைத்துக்கொள்வோம். ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் வேலை. அவருடைய அப்பா மளிகையும் பூஜைச் சாமானும் விற்கும் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா கூடத்தில் நாற்காலி போட்டு ஏறினார். என் பட்டமளிப்பு நாளில் எடுத்த குடும்பப் படத்தைக் கழற்றினார். அதில் அப்பா, அம்மா, நான், நடுவில் ஆரஞ்சுச் சேலையில் சித்தி. படம் எடுத்தவர் சித்தியை என் அம்மா என்று நினைத்து நடுவில் நிறுத்திவிட்டார். யாரும் திருத்தவில்லை.

படத்தோடு என் பட்டமும் சுவரிலிருந்து இறங்கியது.

"ஏம்மா?" என்றேன்.

"யாருன்னு கேப்பாங்க. சொல்லிருவேன். கல்யாணம் ஆகலையான்னு கேப்பாங்க. அதையும் சொல்லிருவேன். ஏன் ஆகலைன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்னா சொல்றது?"

"உள்ளத சொல்லு."

"அவளுக்குப் போனது பத்தாதா? உனக்கும் போகணுமா?"

அம்மா சொன்னது தவறு என்று எனக்குத் தெரிந்தது. அம்மா பயப்படுவது தவறில்லை என்றும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். அது என் குறை.

சித்தியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரே என் ரவிக்கைக்குக் கடைசி ஊக்கைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "பெண்டாங்குக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார். பெண்டாங்கில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறார். என் சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவரையும் எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்க்க வந்தபோதும் சித்தி அங்கேதான் போவார். அதனால் அவருக்கு வழி தெரியும்.

மூன்று நாளுக்கு மாத்திரை எடுத்து வைத்தேன். சனிக்கிழமை காலையில் ஓட்டிப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழி முழுக்கச் சித்தி வானொலிப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். இறங்கும்போது, "அலமாரி ஆடுது, பாத்துக்க," என்றார்.

சாமி படம் போட்ட காகிதம்

வீட்டுக்கு வந்தால் புதுப் பிரச்சினை. படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் சாம்பிராணிப் புகை படிந்த மஞ்சள். கட்டம் போட்டதுபோல் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா அங்கே இந்த வருடக் காலண்டரை மாட்டிப் பார்த்தார். காகித விலையோ என்னவோ, இந்த வருடம் காலண்டரைச் சிறிதாக அடித்துவிட்டார்கள். நாலு பக்கமும் வெள்ளை எட்டிப் பார்த்தது.

எங்கள் வீட்டில் பழைய காலண்டரைத் தூக்கிப் போட மாட்டோம். மேலே முருகன் இருப்பார், அல்லது மகாலட்சுமி இருப்பார். சாமியை எப்படிக் குப்பையில் போடுவது? அதனால் பத்துப் பதினைந்து வருடக் காலண்டர்கள் சாமி அறையின் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மா போன வருடத்தை எடுத்தார். பெரியது. வெள்ளையை முழுக்க மூடியது. மேல் அட்டையில்தான் வருடம் பெரிதாகப் போட்டிருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தைச் சாத்தினார்.

"சும்மா ஒருநாளைக்குத்தானே," என்றார்.

என் வேலை என்னவென்று இப்போது சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள் நான். ஒவ்வொரு கருவியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எதுவரை அது செல்லும் என்று தேதி போட்டிருக்கும். தேதி கடந்த கருவியை யாராவது தொட்டால் நான் அவர் மேசைக்குப் போய் நிற்பேன். அந்தக் காலண்டரை அம்மா மாட்டியபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். தினேஷ் அதிகம் பேசவில்லை. காற்றே வராத எங்கள் வீட்டு ஏர்கோனை மட்டும் இரண்டு முறை பார்த்தார். அவருடைய அம்மா என்னிடம் சமையல், வேலை நேரம், காடி ஓட்டுவேனா என்றெல்லாம் கேட்டார். பேச்சு நன்றாகப் போனது. நாள் பார்க்கலாம் என்றார் அவருடைய அப்பா.

என் அப்பா போனை எடுத்தார். தினேஷின் அப்பா தடுத்துவிட்டார்.

"அண்ணே, போன்ல பாக்குற நாளெல்லாம் ஒரு நாளா? வருஷா வருஷம் ஜித்ரா முழுக்கக் காலண்டர் குடுக்குறவன் நானு. அந்தா தொங்குது பாருங்க."

எழுந்து போய்த் தாள்களைப் புரட்டினார். வைகாசி பிறக்கும் மே மாதத் தாளுக்கு வந்தார். விரலால் தடவிப் பார்த்தார். "பதினஞ்சு. ஞாயித்துக்கெழம. தெளிவா இருக்கு. இதவிட நல்ல நாள் இந்த வருஷமே கெடையாது."

அவர் புரட்டும்போது கீழே சுவர் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டில் இருந்த கேசரியைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு, "சித்திய நாளைக்குக் கூட்டிட்டு வந்துரட்டா?" என்று கேட்டேன்.

"நிச்சயம் முடியட்டும்."

நிச்சயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நிச்சயம் முடிந்தால் கல்யாணம் முடியட்டும் என்பார். கல்யாணம் முடிந்தால் வேறொன்று. அந்தப் பையனையும் பண்ணை வீட்டில் முதல்நாள் விட்டபோது யாரும் கடைசிவரைக்கும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதினைந்து என்ன கிழமை

புதன்கிழமை மத்தியானம் தினேஷ் போன் செய்தார். நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன்.

"ஷாமினி, ஒரு சின்ன விஷயம் லா. பதினஞ்சு என்னா கெழம?"

"ஞாயிறு."

"என் போன்ல திங்க."

"உங்க போன்ல ஏதாவது தப்பா இருக்கும்."

"அம்மா போன்லயும் திங்க. கடைக் காலண்டர்லயும் திங்க. பேங்க்ல குடுத்ததுலயும் திங்க."

நாலு கருவிகள் ஒன்றைச் சொல்லி ஐந்தாவது வேறொன்றைச் சொன்னால் எந்தக் கருவியைக் கழற்றுவது என்று எனக்குத் தெரியும். கூடத்துக்குப் போய் மல்லிகைச் சரத்தை ஒதுக்கினேன்.

"போன வருஷம்," என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "அப்பாக்கு மட்டும் தெரிஞ்சா கடைய ரெண்டு நாள் சாத்திருவாரு. ஊருக்கே காலண்டர் குடுக்குற மனுஷன்."

"இன்னும் சொல்லலையா?"

"இல்ல. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு வேற மாசத்த பாத்துட்டோம்னு சொல்லிர்றேன். முடிஞ்சிச்சு. ஆனா எனக்கு மட்டும் சொல்லுங்க. போன வருஷக் காலண்டர ஏன் மாட்டி வச்சிருக்கீங்க?"

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. ஒன்று, மறதி. இரண்டு, சாமி படத்துக்காக. இரண்டாவது முழுப் பொய்கூட இல்லை. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும். இன்னொரு நாள் குறிப்பார்கள். சித்தி பெண்டாங் வயலில் இறங்கும் கொக்குகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

"எனக்கு ஒரு சித்தி இருக்காங்க," என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இழுப்பு, மாத்திரை, படம், வெள்ளைச் சுவர், காலண்டரின் அளவு. அவருக்குப் பின்னால் யாரோ சுவரில் துளை போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"பெண்டாங்ல. சொந்தக்காரங்க வீட்ல."

"எத்தன நாளைக்கு?"

"மூணு நாளைக்குன்னு சொன்னோம்."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"அஞ்சு."

துளை போடும் சத்தம் நின்றது. "நான் அம்மாட்ட இத சொல்லணும்," என்றார். "அவங்க என்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. சொல்லுங்க."

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கரண்டி.

"நான் அவள ஒளிச்சு வைக்கல," என்றார். "உன்னைய காட்டணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"சித்திய கூட்டிட்டு வரப் போறேன்மா."

"வேணாம்னு சொன்னா நிக்கவா போற?"

அப்பா எழுந்து காடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த வாரம் முழுவதும் அவர் இந்த விஷயத்தில் செய்த ஒரே காரியம் அது. போதுமானதாக இருந்தது.

பிரிக்காத பை

பெண்டாங்கில் வயலைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தி உட்கார்ந்திருந்தார்.

"கொக்கு நாப்பத்தியொண்ணு," என்றார். "ஒண்ணு வரும், ஒண்ணு போவும். சரியா சொல்ல முடியல. முடிஞ்சிச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் வந்த?"

"கூட்டிட்டுப் போக."

"உங்கம்மா ஒத்துக்கிட்டாளா?"

"இல்ல. ஆனா தெரியும்."

உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். ஐந்து நாளில் அதை அவர் பிரிக்கவே இல்லை. மேலாக வைத்திருந்த இரண்டு சேலையை மட்டும் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார். மாத்திரையை ஐந்து நாளுக்கு வருவதுபோல் ஒரு வேளையாகக் குறைத்துச் சாப்பிட்டிருந்தார். இதை நோட்டில் எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் அழுத்திவிட்டது. அடுத்த தாளிலும் தடம் இருக்கிறது.

காரில் சொன்னேன். "சித்தி, சனிக்கிழமை நான் உங்கள இங்க கொண்டாந்து விட்டது தப்பு."

சித்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தம்பிய பண்ண வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் யாரோ ஒருத்தன்தானே. ராஜாவா வண்டி ஓட்டிருப்பாரு?"

சாப்பாட்டுக் கடைகள் வரத் தொடங்கின.

"சோறு தாப்பாவ் பண்ணிட்டுப் போலாம்," என்றார் சித்தி. "உங்கம்மா இன்னிக்குச் சமைச்சிருக்க மாட்டா."

சமைத்திருக்கவில்லை. நாலு பொட்டலம் வாங்கிப் போனோம். அம்மா சித்தியைப் பார்த்ததும், "மாத்திர சாப்பிட்டியா?" என்று கேட்டார். சித்தி, "சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பதும் கொடுப்பதும் இந்த அளவில்தான் நடக்கும்.

அன்றிரவே படத்தை மறுபடி மாட்டினேன். கழற்றிய காலண்டரை மேசைமேல் வைத்தேன்.

இரண்டாவது வருகை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தினேஷும் அவருடைய பெற்றோரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே வந்தார்கள். கதவைத் திறந்தது சித்தி.

தினேஷின் அம்மா உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தார். "அன்னிக்கே பாத்தேன். இவரு காலண்டர புரட்டுறப்ப பின்னால வெள்ளையா இருந்துச்சு. இங்க ஏதோ படம் இருந்திருக்குன்னு நெனச்சேன்."

"நான்தான் அந்தப் படம்," என்றார் சித்தி. "உக்காருங்க."

தினேஷ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாலும், அவருடைய அப்பாவுக்கு மற்றதெல்லாம் பிறகு. அவர் நேராக மேசைக்குப் போய்க் காலண்டரை எடுத்தார். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வருடத்தைப் படித்தார். வாய்க்குள் இன்னொரு முறை படித்தார்.

"மாலைய போட்டு மறச்சிட்டீங்களே," என்றார் அம்மாவிடம். குரலில் உண்மையான வருத்தம்.

"மாலை போட்டிருந்தாலே போய்ச் சேந்துருச்சுன்னு தெரிஞ்சிருக்க வேணாமாண்ணே?" என்றார் சித்தி.

தினேஷ் சிரித்துவிட்டார். அவருடைய அப்பா சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். முடியவில்லை.

தினேஷின் அம்மா சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வந்திருந்தார். நேராகச் சித்தியிடமே கேட்டார்.

"மாத்திர ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு வேள. இடையில அஞ்சு நாள் மட்டும் கொறஞ்சிச்சு."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்து வந்தேன். தினேஷின் அம்மா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெற்று வரிகள் வந்த இடத்தில் விரலை வைத்து, இவ்வளவா என்பதுபோல் பார்த்தார்.

"பரம்பரையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அம்மா நாற்காலிமேல் ஏறினார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் வந்ததுன்னு டாக்டர் சொன்னார்," என்றேன். "பரம்பரைன்னு சொல்ல முடியாதுன்னார். யாருக்கும் வரவே வராதுன்னு எழுதிக் கேட்டா எழுதித் தர மாட்டேன்னும் சொன்னார். ரெண்டையும் சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்தார்.

"யோசிச்சு சொல்றோம்மா. இப்ப நான் சரின்னு சொன்னா அது மரியாதைக்குச் சொன்னதா இருக்கும்."

அவர்கள் போன பிறகு அம்மா உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினார். இரண்டு முறை கழுவினார். சித்தி துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

இன்றைய நிலை

ஜித்ராவிலிருந்து பதில் வரவில்லை. தினேஷ் இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்கிறார். தன் அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்கிறார். ஏர்கோனில் என்ன கோளாறு என்று போனிலேயே கண்டுபிடித்துச் சொன்னார். அப்பா சரிசெய்துவிட்டார்.

சித்தி வீட்டில் இருக்கிறார். படம் சுவரில் இருக்கிறது. அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் தையல் கடைக்கார அக்காவின் மகள் கல்யாணம். சித்தி போகிறார். கதவோரமாக நாற்காலி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சாவிகளைப் பையிலேயே வைத்திருக்கும்படி எல்லோருக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் என் மேசையில் இருக்கிறது. மறுபடி அலமாரிக்கு அடியில் வைக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. "அந்தத் தம்பி இருந்தது போதும்," என்றார். போன வருடக் காலண்டரில் முருகன் படத்தை மட்டும் வெட்டிச் சாமி அறையில் வைத்துவிட்டு, மாதத் தாள்களை மடித்து மரத்துண்டின்மேல் வைத்தேன். மூன்றாக மடித்தால் சரியான கனம். அலமாரி ஆடவில்லை. மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன்.

நேற்று தபாலில் ஜித்ரா கடையிலிருந்து ஒரு நீளமான உருளை வந்தது. இந்த வருடக் காலண்டர். கடிதம் எதுவும் இல்லை. பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பார்த்தேன். நிச்சயத்துக்கு நாள் குறித்து எந்தத் தேதியிலும் வட்டம் போட்டிருக்கவில்லை.